கீறல் விழுந்த இறுவட்டு (சீடி): கேள்வி பதில்

நல்லூர்: அண்ணை, நாதஸ்வர இறுவட்டு ஒண்டு அஞ்சாவது உருப்படியில துள்ளுது. ரூத்பேஸ்ட் பூசலாமோ?

பதில்: முதல்ல கழுவிப் பாருங்கோ தம்பி. விரல் எண்ணெயில செம்மண் தூசி ஒட்டினாலே துள்ளும். இளஞ்சூட்டுத் தண்ணியில பாத்திரம் கழுவுற திரவம் ஒரு துளி விட்டு, நடுவிலயிருந்து விளிம்புக்கு நேராத் தடவி, அலசி, பழைய பருத்தித் துணியால ஒத்தி எடுங்கோ. வட்டமாத் துடைக்காதேங்கோ. பதிவு சுருளான ஒரு தடமாப் போகுது. தடத்தோட ஓடுற கீறல் அதையே நீளத்துக்கு மறைக்கும். குறுக்குக் கீறல் ஒவ்வொரு சுற்றிலயும் துளியளவுதான் மறைக்கும். தடத்தில ஏறக்குறைய 2.5 மில்லிமீற்றர் வரை மறைஞ்சாலும் பிளேயர் கணக்குப் போட்டு முழுசாத் திருத்தும்.

அதுக்குப் பிறகும் துள்ளினால் பல்ப் வெளிச்சத்தில சரிச்சுப் பிடிச்சு, கீறலில நகத்தை மெல்ல ஓட்டுங்கோ. நகம் தட்டுப்பட்டால் ரூத்பேஸ்ட் எடுபடாது. தட்டுப்படாட்டி, வெள்ளைப் பேஸ்ட் கடலையளவு, ஈரத்துணியில, அதே நேர்க்கோட்டில 2, 3 நிமிசம். ஜெல் வேண்டாம். தேய்ச்ச இடம் லேசா மங்கும், பயப்படாதேங்கோ. கீறலின்ர கூர் விளிம்பு மழுங்கி லேசர் நேராப் போனால் போதும்.

பருத்தித்துறை: படம் அச்சடிச்ச பக்கத்தில கீறல். வெளிச்சத்துக்குப் பிடிச்சால் ஊசித்துளை மாதிரித் தெரியுது.

பதில்: அந்த இடத்தில லேசரைத் திருப்பி அனுப்புற அலுமினியப் பூச்சே போயிட்டுது, திரும்ப வராது. கீழ்ப்பக்கம் 1.2 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் காவல் இருக்கு. மேல்பக்கம் மெல்லிய அரக்குப் பூச்சு மட்டுந்தான். அது உடைஞ்சால் உங்கட கடற்காத்தின்ர உப்பும் ஈரமும் உள்ள போய் அலுமினியத்தை அரிக்கும். ஸ்டிக்கர் ஒட்டாதேங்கோ, உரிக்கேக்க அலுமினியமும் கூட வரும். இப்ப வாசிக்குதெண்டால் இண்டைக்கே பிரதி எடுங்கோ.

சுன்னாகம்: விளிம்பில பச்சை மார்க்கர் பூசி, ஃபிரீசரில வைச்சால் சத்தம் துலங்குமாமே?

பதில்: துலங்காது. அதில இருக்கிறது செக்கனுக்கு 44,100 தரம் அளந்த எண்கள். சரியா வாசிச்சால் ஒரே எண்கள், ஒரே சத்தம். ஃபிரீசரால எடுத்த உடன எங்கட வெக்கையில தண்ணிதான் பூக்கும்.

சாவகச்சேரி: கீழ்ப்பக்கம் ரேப் பசை ஒட்டியிருக்கு. தின்னரால எடுக்கட்டோ?

பதில்: ஐயோ வேண்டாம்! தின்னரும் நகப்பூச்சு அழிக்கிற திரவமும் பிளாஸ்டிக்கைப் பால்போல வெளுக்கப் பண்ணும். தேங்காயெண்ணெய் 2 துளி விட்டு, 10 நிமிசம் ஊறவைச்சு, விரலால உருட்டி எடுத்துக் கழுவுங்கோ.

மானிப்பாய்: அண்ணை, அம்மா பாடின தேவாரம், வீட்டில எழுதின இறுவட்டு. இடையில நிண்டுபோகுது.

பதில்: அக்கா, இதை முதல்ல தேய்க்க வேண்டாம். வீட்டில எழுதினதில பதிவு சாயத்தில இருக்கு. வெயில் பட்டாலே கெடும். கழுவிப்போட்டு, இரண்டு மூண்டு கொம்பியூட்டர் டிரைவில போட்டுப் பாருங்கோ. ஒண்டு வாசிக்காததை இன்னொண்டு வாசிக்கும். எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி எண்ட இலவச மென்பொருளில வாசிக்கிற வேகத்தை 4x அளவுக்கு (பாட்டு ஓடுற வேகத்தின்ர 4 மடங்கு) குறைச்சு விட்டால், பிழைச்ச இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். ஒரு பாட்டுக்கே மணிக்கணக்கு எடுக்கலாம், இடையில நிப்பாட்டாதேங்கோ. கிடைச்ச பாட்டுகளை இரண்டு இடத்தில சேமிச்ச பிறகுதான் மிச்சத்துக்கு ரூத்பேஸ்ட்.