கம்பெனி வைத்த வானொலி, கேட்டவர்கள் வளர்த்த பாட்டு

கேள்வி: அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து டபிள்யூ.எஸ்.எம். வானொலிக்கு நூறு வயது முடிந்துவிட்டதாகப் படித்தேன். கன்ட்ரி என்கிற அமெரிக்கக் கிராமிய இசையை ஊரறியச் செய்த அந்த நிலையத்தைத் தொடங்கியதே ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிதானாமே! வியாபாரிகளுக்கு இப்படிக் கலை ஆர்வம் இருந்துவிட்டால் கலைஞர்களுக்கு என்ன கவலை?
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கம்பெனி தொடங்கியது உண்மை. கலை ஆர்வம் என்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது.

1925 அக்டோபர் 5ஆம் தேதி நேஷனல் லைஃப் அண்ட் ஆக்ஸிடென்ட் நிறுவனம் நிலையத்தைத் திறந்தபோது, அதற்கு வைத்த மூன்று எழுத்துகளும் ‘வீ ஷீல்ட் மில்லியன்ஸ்’ (லட்சோப லட்சம் பேரைக் காக்கிறோம்) என்ற தன் விளம்பர வாசகத்தின் ஆங்கில முதலெழுத்துகள். நகரத்துப் பெரிய மனிதர்களோ தங்கள் ஊரைத் ‘தெற்கின் ஏதென்ஸ்’ என்று சொல்லிப் பெருமைப்பட்டவர்கள். பட்டிக்காட்டு ஃபிடிலும் பான்ஜோவும் நம் ஊர்ப் பெயரில் ஒலிபரப்பாவதா என்று முகம் சுளித்தார்கள். சிகாகோ வானொலியில் பேர் வாங்கியிருந்த ஜார்ஜ் ஹே அறிவிப்பாளராக வந்து சேர்ந்து, நவம்பர் 28ஆம் தேதி இரவு ஜிம்மி தாம்ப்சன் என்ற 77 வயதுக்காரரை மைக் முன்னால் உட்கார வைத்தார். கிழவர் ஒரு மணி நேரம் ஃபிடில் வாசித்தார், அதற்குள் முடித்துவிட்டீர்களே, இன்னும் கையே சூடாகவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார் என்பார்கள். அப்புறம் வந்து குவிந்த கடிதங்களும் தந்திகளும்தான் நிலையத்தின் போக்கை மாற்றின. எழுதிப் போட்டவர்கள் சாதாரண ஜனங்கள்.

கம்பெனிக்கு இதில் கணக்கு இருந்தது. அதன் ஏஜென்டுகள் வீடு வீடாகப் போய் வாராவாரம் சில்லறைக் காசாகப் பிரீமியம் வசூலித்தவர்கள். முன்பின் தெரியாத வீட்டில், சனிக்கிழமை ராத்திரி ரேடியோவில் பாட்டுப் போடுகிற கம்பெனியிலிருந்து வருகிறேன் என்று சொன்னால் கதவு திறந்தது. அந்த லாபத்தில்தான் 1932இல் 50,000 வாட் சக்தியும் 800 அடிக்கு மேல் உயர்ந்த கோபுரமும் வந்தன. மத்திய அலை இருட்டிய பிறகு வானில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போகும் என்பதால், நாஷ்வில் ஃபிடில் எத்தனையோ மாநிலங்களில் கேட்டது. வியாபாரம் செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை, அதைக் கலைச்சேவை என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், டிஃபோர்ட் பெய்லி என்று ஒருவர் இருந்தார். கறுப்பினத்தவர், சிறு வயதில் போலியோ தாக்கியதால் குள்ளமான, மெலிந்த உருவம். மவுத் ஆர்கனை வாயில் வைத்தால் ரயில் வரும்: தூரத்தில் சன்னமாகக் கூவி, தண்டவாளத் தாளம் நெருங்கி நெருங்கி வந்து, மூச்சு எங்கே வாங்குகிறார் என்றே தெரியாமல் நம்மைத் தாண்டிப் போகும். 1927 இறுதியில் ஓர் இரவு, மேல்நாட்டுச் சாஸ்திரிய இசை நிகழ்ச்சி முடிந்த கையோடு பெய்லி அந்த ரயிலை வாசிக்க, இதுவரை கிராண்ட் ஆபரா கேட்டீர்கள், இனிமேல் நம்முடையது ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்று ஹே அறிவித்தார். ஆபரா என்பது மேல்நாட்டு இசை நாடகம், ‘ஆப்ரி’ அதன் பட்டிக்காட்டு உச்சரிப்பு. சனிக்கிழமை இரவு நிகழ்ச்சிக்கு, இன்று உலகம் முழுக்கத் தெரிந்த அந்தப் பெயர் பிறந்தது பெய்லியின் வாசிப்பை ஒட்டித்தான். வெள்ளைக்காரக் கலைஞர்களோடு ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போனார், பல ஊர்களில் ஓட்டலில் அவருக்கு மட்டும் அறை கிடைக்காது.

1941இல் பாடல் உரிமைத் தொகை சம்பந்தமாக வானொலிகளுக்கும் பாடல் எழுதுபவர்களின் உரிமைச் சங்கத்துக்கும் சண்டை வந்து, ஜனங்கள் விரும்பிக் கேட்ட அவருடைய பாடல்கள் பலவற்றை ஒலிபரப்ப முடியாமல் போனது. அந்தச் சமயத்தில் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதே ஹே, பிற்பாடு எழுதும்போது பெய்லியைச் சோம்பேறி என்று எழுதினார். பதினைந்து வருஷம் போல அந்த மைக் முன்னால் நின்ற மனிதர் அதே ஊரில் ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்தார். இறந்தது 1982இல், கன்ட்ரி இசையின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ பட்டியலில் சேர்த்தது 2005இல். கலைஞர்களுக்கு என்ன கவலை என்று கேட்டீர்களே, அதனால்தான் இதைச் சொன்னேன்.

இன்னொன்றும் கேளுங்கள். 1980களில் இன்ஷூரன்ஸ் கம்பெனியே கை மாறி, நிலையம் கேலார்ட் என்ற நிறுவனத்திடம் போனது. 2002 வாக்கில் பாட்டை நிறுத்திவிட்டு விளையாட்டுப் பேச்சு நிலையமாக மாற்றலாமா என்று யோசித்தார்கள். விஷயம் வெளியே கசிந்ததும் ரசிகர்களும் இசைக்கலைஞர்களும் போராட, அந்த யோசனையைக் கைவிட்டார்கள். 1925இல் கடிதம் போட்டார்களே, அவர்களுடைய வாரிசுகள் என்றே இவர்களைச் சொல்வேன். நூறு வயதுக்கான வாழ்த்தைக் கம்பெனிக்கு அனுப்பாமல் இவர்களுக்கு அனுப்புங்கள்.

அதே 650 கிலோஹெர்ட்ஸில் இன்றும் சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி நடக்கிறது, இணையத்திலும் வருகிறது. அதற்கு முன்னால் பெய்லி 1927இல் இசைத்தட்டுக்காக வாசித்த ‘பான் அமெரிக்கன் ப்ளூஸ்’ பதிவைத் தேடிப் பிடியுங்கள். மூன்று நிமிஷம்தான், மவுத் ஆர்கன் தவிர வேறு கருவி கிடையாது.