இழை போட்ட கொங்கிரீட் பீம்: கேட்டாங்க, சொன்னேன்

பண்டாரவளையிலிருந்து: சேர், உருக்கு இழை போட்ட ஒரே கலவையில வார்த்த மூன்று பீம். வளைவுச் சோதனையில வெடிக்கிற வரைக்கும் மூன்றும் ஒரே மாதிரி. வெடிச்ச பிறகு ஒன்று மட்டும் மற்றதில பாதிச் சுமைதான் தாங்குது. மெஷின்ல பிழையா?

மெஷினைத் திட்டாதீங்க. வெடிக்கிற வரைக்கும் சுமக்கிறது கொங்கிரீட். இழைக்கு வேலை அதுக்குப் பிறகுதான். கணக்குப் பாருங்க: 150 × 150 × 550 மி.மீ. பீம், கன மீட்டருக்கு 40 கிலோ உருக்கு இழை என்றால், ஒரு பீமுக்கு அரைக் கிலோ. 60 மி.மீ. நீளம், 0.75 மி.மீ. தடிப்பு என்று வைத்தால் சுமார் 2,400 துண்டு. அதில வெடிப்பைக் குறுக்கே பிடிச்சிருக்கிறது நூற்றுச் சொச்சம்தான்! மிச்சமெல்லாம் சும்மா படுத்திருக்கு. அந்த நூறு அங்க இல்லாமப் போனால் பீம் விழத்தானே செய்யும்.

பீமை ரெண்டாப் பிளந்து, ரெண்டு முகத்திலயும் நீட்டிக்கிட்டு நிற்கிற இழையை எண்ணிக் கூட்டுங்க. நான் மார்க்கரால முகத்தை மேல், நடு, கீழ் என்று கோடு போட்டு, டோர்ச் அடிச்சு எண்ணுவேன். கண் பூத்துப்போகும், ஆனாலும் கீழ்ப் பங்கை விட்டுடாதீங்க. வெடிப்பு அகலமா வாய் திறக்கிறது அங்கதான். இழை முனையில வளைச்சிருக்கிற கொக்கி நிமிர்ந்து, இழை உருவிக்கிட்டு வந்திருந்தா நல்லது. நிறைய இழை அறுந்திருந்தா, அந்தக் கொங்கிரீட்டுக்கு இழையின் பலம் பத்தாது.

ஹட்டனிலிருந்து: அண்ணே, அச்சில ஊற்றும்போது கவனிக்க வேண்டியது என்ன?

இந்த வளைவுச் சோதனைக்கான ஐரோப்பியத் தரநிலை இ.என். 14651 சொல்றபடி முதல்ல நடுவில கொட்டுங்க, பிறகு ரெண்டு பக்கமும். நடுவில போடுறது பக்கத்தில போடுறதை விட இரு மடங்கு. ஒரு முனையிலிருந்து ஓட விட்டால் இழை ஓட்டத்தோட திரும்பிக்கும். போக்கர் வைப்ரேட்டரை, அதான் கொங்கிரீட்டுக்குள்ள விட்டு அதிர வைக்கிற தடியை, உள்ள விடவே வேணாம், அது போன தடத்தில இழையே இருக்காது. வெளியிலிருந்து அதிர விடுங்க. பிறகு பீமை 90 பாகை புரட்டி, அச்சுப் பக்க முகத்தில 25 மி.மீ. வெட்டுப் போடணும்.

அதே தம்பி: வெடிப்பு அகலம் அளக்கிற கருவி இல்லையே?

பீமைத் தாங்குற ரெண்டு தாங்கிக்கும் இடையில 500 மி.மீ. விட்டு, நடுவில எவ்வளவு கீழ வளையுது என்று அளந்தா போதும். வெடிப்பு வாய் 0.5 மி.மீ. என்பது 0.47 மி.மீ. வளைவு; 2.5 மி.மீ. என்பது 2.17 மி.மீ.

நுவரெலியாவிலிருந்து: மழைக்குள்ள வேலை. கலவை தண்ணியாப் போச்சு. இழை அடியில இறங்கிடுமா?

இறங்கும். சந்தேகம் என்றால் லொறி கொட்டுற தொடக்கத்தில, நடுவில, கடைசியில என்று 10 லீட்டர் வாளி மூன்று எடுங்க. பீலித் தண்ணியில கழுவி, காந்தத்தால இழையைப் பொறுக்கி, காய வச்சு நிறுங்க. கன மீட்டருக்கு 40 கிலோ போட்டிருந்தா வாளிக்கு 400 கிராம் வரணும். ஒரு தடவை கடைசி வாளியில இழை பந்து பந்தா வந்துச்சு; பையை ஒரேயடியாக் கவிழ்த்திருக்காங்க.

தலவாக்கலையிலிருந்து: லயத்தை விட்டு புது வீடு கட்டுறோம். கம்பிக்குப் பதிலா பைபர், அதான் இந்த இழை, போட்டா செலவு குறையும்னு மேசன் பாஸ் சொல்றார். வீட்டு பீமுக்குப் போடலாமா?

வேணாம் அக்கா. தரைக்குப் போடலாம். பீமுக்குக் கம்பியே போடுங்க.