கல்யாண சூட்: தைக்கக் கொடுக்கும் முன்பும் தைத்து வந்த பின்பும்

கேள்வி: எனக்கு இன்னும் நான்கு மாதத்தில் திருமணம். வலது தோள் சற்றே தாழ்ந்திருப்பதால் கடையில் தொங்கும் கோட் எதுவும் எனக்குச் சரியாக நிற்பதில்லை. அளவெடுத்துத் தைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். என்ன துணி எடுப்பது, தையற்காரரிடம் எதைக் கேட்பது? ஒருநாள் கூத்தோடு அலமாரிக்குள் போய்விடாமல் பல வருடம் போட வேண்டும் என்பது என் ஆசை. எப்படிப் பராமரிப்பது?

பதில்: நான்கு மாதம் போதுமான அவகாசம்தான். ஆனால் தள்ளிப்போடாமல் இந்த வாரமே தையற்காரரைப் பாருங்கள். கையால் முறையாகத் தைக்கும் ஒரு சூட்டுக்கு இரண்டு முதல் மூன்று மாதம் ஆகும். கடைசி ட்ரையல் திருமணத்துக்கு மூன்று வாரம் முன்பாவது முடிந்திருந்தால்தான் சின்னத் திருத்தங்களைப் பதறாமல் செய்ய முடியும்.

பல வருடம் போட வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் பின்னால் மாற்றவே முடியாத விஷயங்களில் உங்கள் கவனமும் பணமும் போகட்டும். தோள், அக்குள் வெட்டு, கோட்டின் நீளம், மார்புக்கு வடிவம் தர உள்ளே வைக்கும் கேன்வாஸ் துணி ஆகிய நான்கும் ஒருமுறை தவறினால் தவறியதுதான். பட்டன், லைனிங் நிறம், பெயரைப் பூவேலையாகப் போடுவது எல்லாம் எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். மாப்பிள்ளைகள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். லைனிங் நிறத்துக்கு ஒரு மணி நேரம் யோசிப்பவர்கள் உள்ளே கேன்வாஸா, பசையா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

'அளவெடுத்துத் தைக்கிறோம்' என்று சொல்லும் இடங்களில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, ஏற்கெனவே இருக்கும் பேட்டர்னை உங்கள் அளவுக்குக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து வெட்டுவது. இன்னொன்று, உங்கள் உடம்புக்கென்றே காகிதத்தில் புதிதாக வரைந்து வெட்டுவது. உங்கள் தோள் அமைப்புக்கு இரண்டாவதுதான் சரி. அதில் இடது தோளுக்கும் வலது தோளுக்கும் தனித்தனிக் கோடு போடுவார்கள். எந்த வேலை நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, முதல் ட்ரையலில் கோட் எந்த நிலையில் இருக்கும் என்று கேளுங்கள். வெள்ளை நூலில் ஓட்டுத் தையல் போட்டு, பாக்கெட்டும் காஜாவும் இல்லாமல் கொண்டுவருவோம் என்றால் நம்பிக்கையோடு கொடுக்கலாம். காஜா எடுத்து, லைனிங்கும் மூடி வந்துவிட்டால் தோளில் கைவைக்க அவருக்கு இடமே இல்லை. தாழ்ந்த தோளில் பேட் வைத்து முழுவதும் சமன் செய்யவும் சொல்லாதீர்கள். அது தூக்கிக்கொண்டு தனியாகத் தெரியும். வித்தியாசத்தில் பாதியைப் பேடிலும் மீதியை வெட்டிலும் சரிசெய்தால் பார்ப்பவருக்குத் தெரியாது.

கேன்வாஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், சூட்டின் ஆயுள் அங்கேதான் இருக்கிறது. கோட்டின் முன்பக்கத்துக்கு வடிவம் தர உள்ளே ஓர் அடுக்கு வேண்டும். விலை குறைந்த முறையில் பசை தடவிய துணியை வெப்பம் கொடுத்து ஒட்டிவிடுகிறார்கள். வெப்பமும் ட்ரை கிளீனிங்கும் சேரச்சேர அந்தப் பசை ஆங்காங்கே விட்டு, மார்பில் கொப்புளம் போல எழும்பும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை என்று சொல்லிவிடலாம். மற்ற முறையில் குதிரை முடியும் பருத்தி அல்லது கம்பளி நூலும் சேர்த்து நெய்த கேன்வாஸைத் தளர்வாகக் கையால் தைத்துப் பொருத்துகிறார்கள். அது போடப்போட உங்கள் மார்பின் வளைவுக்குப் பழகும். லேப்பலும் (காலரிலிருந்து மார்பின் மேல் மடிந்து விழும் பகுதி) தட்டையாக மடியாமல் உருண்டு விழும். முழு நீளக் கேன்வாஸுக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் மார்புக்கும் லேப்பலுக்கும் மட்டும் வைக்கும் பாதிக் கேன்வாஸ் போதும், அதுவும் நல்ல வேலைதான். முதல் ட்ரையலில் கோட் திறந்தே இருக்கும் என்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். நல்ல தையற்காரர் ஆசையாகவே காட்டுவார்.

இனி துணி. கம்பளி என்றதும் குளிருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். முறுக்கேறிய நூலில், காற்று புகும்படி சாதா நெசவில் நெய்த மெல்லிய கம்பளி வெயிலுக்கும் ஏற்றது, கசங்கினாலும் தானாகவே நிமிரும். 'சூப்பர் 100', 'சூப்பர் 150' என்று துணியின் ஓரத்தில் இருக்கும் எண் இழையின் மென்மையை மட்டுமே குறிக்கிறது. சர்வதேச வரையறைப்படி சூப்பர் 100 என்றால் இழையின் சராசரி விட்டம் அதிகபட்சம் 18.75 மைக்ரான், சூப்பர் 150 என்றால் 16.25. எண் ஏற ஏறத் தொடுவதற்குப் பட்டாக இருக்கும், ஆனால் சீக்கிரம் கசங்கும், சீக்கிரம் தேயும். பல வருடம் போட நினைக்கும் உங்களுக்கு 100 முதல் 120 வரை போதும். எண்ணைவிட எடையைக் கேளுங்கள். மீட்டருக்கு 250 முதல் 280 கிராம் இருந்தால் பெரும்பாலான பருவங்களுக்குத் தாங்கும், மடிப்பும் அழகாக விழும். துணியின் ஓரத்தைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துப் பத்து விநாடி கழித்து விட்டுப் பாருங்கள், சுருக்கம் உடனே மறைய வேண்டும்.

கருநீலமும் கரும்சாம்பலும் திருமணத்துக்குப் பிறகும் அலுவலகம், விருந்து என்று எங்கும் போகும். கறுப்பு, படங்களில் லேப்பலும் மடிப்பும் தெரியாமல் ஒரே இருட்டாகிவிடுவதுண்டு. மிக நுண்ணிய கட்டமும் கோடும் வீடியோவில் அலையலையாக நெளியும். நிறத்தைக் கடையின் விளக்கில் முடிவு செய்யாமல் வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். லைனிங்குக்குப் பாலியெஸ்டர் வேண்டாம், வியர்வை உள்ளேயே தங்கும். குப்ரோ அல்லது விஸ்கோஸ் (தாவர நாரிலிருந்து செய்யும் வழுவழுப்பான துணிகள்) கேளுங்கள். லேப்பலின் அகலம் நடுத்தரமாக இருக்கட்டும். மிக ஒடுங்கியதும் மிக அகன்றதும் ஐந்து வருடத்தில் பழசாகத் தெரியும்.

இன்னொன்று கட்டாயம் சொல்ல வேண்டும்: ஒரு கோட்டுக்கு இரண்டு பேன்ட் தைத்துக்கொள்ளுங்கள். தொடை உரசி பேன்ட்தான் முதலில் போகும். பிறகு அதே துணி கிடைத்தாலும் வேறு சாயத் தொட்டியில் நனைந்ததாக இருக்கும், நிறம் ஒட்டாது. மூன்றையும் எப்போதும் சேர்த்தே ட்ரை கிளீனிங் கொடுங்கள், ஒன்றாக வெளுக்கட்டும்.

ட்ரையலுக்குப் போகும்போது திருமணத்தன்று போடப்போகும் ஷூவும் சட்டையும் இருக்க வேண்டும். கண்ணாடி முன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்காதீர்கள், வழக்கமாக எப்படி நிற்பீர்களோ அப்படியே நில்லுங்கள். முதலில் முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள்: கோட்டின் காலர் சட்டைக் காலரை விட்டு விலகக் கூடாது, அதன் அடியில் குறுக்குச் சுருக்கம் விழக் கூடாது. தோள் தையல் உங்கள் தோள் முடியும் இடத்தில் முடிய வேண்டும். பட்டன் போட்டால் அங்கிருந்து நான்கு பக்கமும் இழுப்புக் கோடுகள் ஓடினால் இடுப்பு இறுக்கம். கோட் கைக்கு வெளியே சட்டைக் கை ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் தெரிவது அழகு. பிறகு உட்காருங்கள், கையைத் தூக்குங்கள், கூட வந்தவரைக் கட்டிப்பிடியுங்கள். அன்று நாள் முழுக்கச் செய்யப்போவது அதுதானே. அக்குள் வெட்டு உயரமாக இருந்தால் கையைத் தூக்கும்போது கோட் முழுதும் மேலே ஏறாது.

தையலுக்கு உள்ளே துணி விடச் சொல்வதை மறக்காதீர்கள். பேன்ட்டின் பின் தையலிலும் கோட்டின் பக்கத் தையல்களிலும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் இருந்தால் உடம்பு போட்டாலும் பிரித்து விட்டுக்கொள்ளலாம்.

பராமரிப்பில் முதல் பாடம், அடிக்கடி ட்ரை கிளீனிங் கொடுக்காமல் இருப்பது. அங்கே அழுத்தி இஸ்திரி போடும் இயந்திரம் லேப்பலின் உருளலைத் தட்டையாக்கிவிடும். அழுக்கோ வியர்வையோ உண்மையில் தங்கியிருந்தால் மட்டும் கொடுங்கள், பெரும்பாலானவர்களுக்கு வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். மற்ற நாட்களில் கழற்றியதும் பாக்கெட்டைக் காலி செய்து, தோளளவுக்கு அகலமான மர ஹேங்கரில் காற்றாட மாட்டி, இயற்கை முடி வைத்த பிரஷால் மேலிருந்து கீழாகத் துடைத்துவிடுங்கள். மறுநாள் அதையே போடாமல் ஒருநாளாவது ஓய்வு கொடுங்கள், இழை தானாக நிமிரும். மீதிச் சுருக்கத்துக்கு நீராவி போதும். இஸ்திரி போட்டே ஆக வேண்டுமென்றால் மேலே ஈரப் பருத்தித் துணி விரித்துப் போடுங்கள், சூடான இரும்பு நேரே பட்டால் கம்பளி பளபளத்துவிடும். எது சிந்தினாலும் தேய்க்காதீர்கள், வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள்.

திருமணம் முடிந்து மாதக்கணக்கில் வைக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் கட்டாயம் சுத்தம் செய்த பிறகே வையுங்கள். அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத் தின்பது, வியர்வையும் உணவுக் கறையும் பட்ட இடத்தில் இன்னும் மும்முரமாகும். கடையில் தரும் பிளாஸ்டிக் உறையை அன்றே கழற்றிவிட்டுப் பருத்தி உறைக்கு மாற்றுங்கள். அந்துருண்டையின் வாடை துணியை விட்டுப் போக மாதங்கள் ஆகும், அதை நான் பரிந்துரைப்பதில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, காலரின் அடியையும் பாக்கெட் மூலைகளையும் திருப்பிப் பிரஷ் செய்யுங்கள். வெளிச்சமும் அசைவும் படாத அந்த இடங்களில்தான் புழு தங்கும். ஓட்டை கண்ணில் பட்டால் காற்றுப் புகாத பாலித்தீன் பையில் சூட்டைப் போட்டு, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காமல், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பையைத் திறந்தால் துணியில் ஈரம் படியாது.