கம்பிவடமும் பேயும்

வணக்கம் அண்ணா,

போன கிழமை வீட்டில் ‘கோஸ்ட் ஷிப்’ (2002) பார்த்தோம். அப்பா துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். முதல் காட்சி முடிந்ததுமே எழும்பி விறாந்தைக்குப் போய்விட்டார். பேய் வரத் தொடங்கிய பிறகு திரும்பி வந்தவர், கதிரையிலேயே நித்திரை! எங்களுக்குப் பேய்தான் பயம். முதல் காட்சி வெறும் இரத்தம். அவர் ஏன் இப்படி? இன்னொன்று, 2018இல் இங்கே திருகோணமலையில் கடற்படை கடலுக்கடியில் இருந்து மேலே எடுத்த பழைய சாகைங் கப்பலை வைத்து ஒரு பேய்ப்படம் எடுக்கலாமே?

ஒரு வாசகி, உப்புவெளி

அன்புள்ள தங்கச்சி,

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்தப் படத்துக்கு இதைவிடச் சரியான விமர்சனம் நான் கேட்டதில்லை.

1962, இத்தாலியச் சொகுசுக் கப்பல், மேல்தளத்தில் பாட்டும் ஆட்டமும். யாரோ கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கிற வின்ச் இயந்திரத்தை ஓடவிடுகிறார்கள். வயர் இறுகி, பிய்ந்து, தளத்தை ஒரே வீச்சில் வழித்துக்கொண்டு போகிறது. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. ஆடியவர்கள் ஆடிய இடத்திலேயே நிற்கிறார்கள். பிறகுதான் ஒவ்வொருவராகச் சரிகிறார்கள். ஒரு சிறுமி மட்டும் மிஞ்சுகிறாள். வயர் போன உயரத்துக்கு அவள் வளரவில்லை.

என் பெரியப்பாவும் கப்பலுக்குக் கயிறு கட்டுகிற வேலைதான். சின்ன வயதில் ஜெட்டிக்குக் கூட்டிப்போனால், முதலில் தோளைப் பிடித்து என்னை ஒரு பக்கமாக நகர்த்துவார். “கயிறு இறுகேக்க அதின்ர நேருக்கு நிக்காத. வளையம் கிடந்தா கால வைக்காத.” கப்பல் அலையில் சற்று விலகும். கயிறு முறுகி முனகும், அதற்குள் இருந்த தண்ணீர் பிழிபட்டுச் சொட்டும். அந்தச் சத்தம் வந்தால் பெரியப்பா கதையைப் பாதியில் நிறுத்திவிடுவார். உங்கள் அப்பாவும் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டிருப்பார்.

படத்தின் முதல் பாதியும் பரவாயில்லை. பெரிங் கடலில் ஆளில்லாமல் மிதக்கிற கப்பலை மீட்டுக் காசாக்கப் போனவர்கள் ஓட்டை அடைப்பது, இழுத்துப்போவது என்று தொழில் கதைக்கிறார்கள். முதலில் எழுதிய கதையில் இரத்தமே குறைவு. அதை வாசித்துத்தான் முக்கிய நடிகர்கள் ஒப்புக்கொண்டார்கள். கடைசியில் வந்ததோ, நரகத்துக்கு ஆத்மா சேர்த்துக் கணக்குக் கொடுக்கிற ஒரு ஆள். பெயர் ஃபெரிமன், அதாவது ஓடக்காரன், பழைய கிரேக்கக் கதைகளில் செத்தவர்களை ஆற்றுக்கு அக்கரை சேர்ப்பவன். அந்தப் பெயரைக் கேட்டும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை! பேய்க்கும் மாத டார்கெட் உண்டு என்று தெரிந்த பிறகு என்ன பயம்? எங்கள் ஊர் லீசிங்காரர் மாதிரி ஆகிவிட்டார். நித்திரை வராமல் என்ன செய்யும்?

சாகைங்குக்குப் பேயே தேவையில்லை. 1942 ஏப்ரல் 9 ஜப்பானியக் குண்டுவீச்சில் அடிபட்ட கப்பல். அடுத்த வருடம் துறைமுகத்துக்குள்ளேயே அமிழ்த்தி, அதையே இறங்குதுறையாகப் பாவித்தார்கள். அதன்பிறகு 75 வருடம் தண்ணீருக்குள். ஒரு சுழியோடி கலங்கிய தண்ணீரில், பாசி பிடித்த இரும்பைக் கையால் தடவித் தடவி வெடிப்புத் தேடுகிறார் என்று பத்து நிமிடம் காட்டினால் போதும், எனக்கு மூச்சு முட்டிவிடும்.

அப்பாவிடம் எனக்காக ஒன்று கேட்டு எழுதுங்கள். ஒரே வயர் அத்தனை பேரையும் அப்படி நேராக வெட்டிக்கொண்டு போகுமா, இல்லை நாலைந்து பேரோடு சுருண்டு விழுந்துவிடுமா? பெரியப்பா இருந்தால் அவரிடமே கேட்டிருப்பேன்.