பண்டாரவளைக் கொட்டிலில் மொரிஸ் மைனர்: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: பெரியப்பாவின் மொரிஸ் மைனர் 1000 கார் பண்டாரவளையில் 14 வருடமாகக் கொட்டிலில் நிற்கிறது. அவர் காலமாகிவிட்டார். பெரியம்மா என்னை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். ஹட்டனுக்குக் கொண்டுவந்து திருத்த ஆசை. கையில் 6 இலட்சம் ரூபா இருக்கிறது. போதாவிட்டால் மனைவியின் நகையை அடகு வைக்கலாமா?

பதில்: நகையைத் தொடாதீர்கள். அடகு வட்டி மாதாமாதம் ஏறும், டிங்கர் (தகரத் திருத்த) வேலையோ சொன்ன மாதத்தில் முடிவதில்லை. இந்தக் கார் உழைத்து வட்டி கட்டப்போவதுமில்லை. 6 இலட்சத்துக்குள் எது முடியுமோ அதை, வரிசை தவறாமல் செய்யுங்கள்.

முதலில் பதிவுப் புத்தகம். எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் அதனோடு ஒப்பிடுங்கள். பழைய கார்களில் எஞ்சினை மாற்றிவிட்டுப் புத்தகத்தில் பதியாமல் விட்டிருப்பார்கள். பெயர் மாற்றத்துக்கு மரணச் சான்றிதழோடு மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும். பெரியம்மாவின் வாய்ச்சொல் மட்டும் போதாது. வருமான அனுமதிப்பத்திர (வருடாந்த வாகன வரி) நிலுவையையும் பிரதேச செயலகத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். இவை தெளியும்வரை ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம்.

அடுத்து, ஒரு காந்தமும் ஸ்குரூ டிரைவரும் கொண்டுபோய்க் காரின் அடியில் படுத்துப் பாருங்கள். பின் ஸ்பிரிங் பொருந்தும் இடம், கதவுக்குக் கீழுள்ள சில், குறுக்குச் சட்டம், சாரதியின் காலடித் தகடு ஆகிய நான்கும்தான் மைனரின் உயிர்நிலை. காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டி பூசி மூடியிருக்கிறார்கள். அந்த வெல்டிங் வேலைக்கும் பிரேக்குக்கும் முன் சில்லுக்கும் சேர்த்து 3 இலட்சத்துக்கு மேல் மதிப்புச் சொன்னால், மனம் கனத்தாலும், இந்தக் காரை விட்டுவிடுவதே நல்லது.

கயிறு கட்டி இழுத்து வராதீர்கள். வெலிமடையிலிருந்து நுவரெலியா ஏற்றம், பிறகு நானுஓயா, தலவாக்கலை வளைவுகள். பிரேக் இல்லாத காருக்கு அது சாவுப் பாதை. லொறியில் ஏற்றுங்கள். மரக்கறி ஏற்றிப்போய் வெறுமையாகத் திரும்பும் லொறி கிடைத்தால் கூலி குறையும். சில்லு இறுகியிருந்தால் பிரேக் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மைச் சுற்றிலும் மெதுவாகத் தட்டினால் பெரும்பாலும் விடும். லொறியில் காரை இறுக்கும் நாடாவை பம்பரில் கட்டாமல் அச்சில் கட்டுங்கள்.

பணத்தில் பெரும்பகுதி தகர வேலைக்கும் பிரேக்குக்கும் முன் சில்லுக்கும் போகட்டும். பிரேக் மிதியை அழுத்தும்போது எண்ணெயைச் சில்லுகளுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் காலடித் தகட்டின் கீழே செசிக்குள் இருக்கிறது. டோர்ஷன் பாரை (முன் சில்லுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் நீளக் கம்பி) அசைக்காமல் சிலிண்டரின் போல்ட் வெளியே வராது. பாகத்தைவிடக் கூலிதான் கூட. ஆகவே ஒருமுறை கழற்றும்போதே 6 வீல் சிலிண்டர்களையும் 3 ரப்பர் ஹோஸ்களையும் சேர்த்து முடியுங்கள். சிலிண்டர் குழிந்திருந்தால் லேத்தில் கடைந்து உள்ளே ஸ்லீவ் (புதுக் குழாய்) போடலாம். முன் சில்லின் கீழ் டிரனியன் (சில்லு திரும்பும் மரையிட்ட மூட்டு) தேய்ந்தால் சில்லு ஓடும்போதே மடங்கி விழும். புதிதாகப் போட்டு, கிறீஸ் அடிக்கத் தவறாதீர்கள். மைனர் பாகங்களை ஒருகாலத்தில் இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கும் அனுப்பியிருக்கிறார்கள். கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் விலை கேட்காமல் இறக்குமதிப் பாகம் வாங்க வேண்டாம்.

எஞ்சினில் அவசரப்பட்டுச் சாவியைத் திருப்பாதீர்கள். 4 பிளக்கையும் கழற்றி, துவாரத்துக்கு ஒரு கரண்டி ஒயில் விட்டு, இரண்டு நாள் கழித்துக் கைப்பிடியால் சுற்றுங்கள். பழைய பெற்றோலை வடித்து, ஒயிலை மாற்றிய பிறகே ஸ்டார்ட். பற்றரிக் கடையில் ஒன்றைச் சொல்லிவையுங்கள்: இதில் பொசிட்டிவ் முனைதான் காரின் பொடியில் (உடலில்) பூட்டப்பட்டிருக்கும். பழக்கதோஷத்தில் மாற்றிப் பூட்டிவிடுவார்கள்.

என் கணக்கு இது. பத்திரம், நிலுவை, லொறிக்கு 1 இலட்சம். தகரம், பிரேக், முன் சில்லுக்கு 3. எஞ்சின், வயர், டயருக்கு 1. மிச்சம் 1 இலட்சம் வங்கியிலேயே இருக்கட்டும், திறந்த பிறகு தெரியவரும் பழுதுக்கு அது வேண்டும். கராஜுக்கு மொத்தமாக முற்பணம் கொடுக்காமல், முடிந்த வேலையைப் பார்த்துப் பார்த்துக் கொடுங்கள். பெயின்ட் இந்தக் கணக்கில் இல்லை. ஒரு மழைக்காலம் ஓட்டி, எங்கே நீர் கசிகிறது என்று பார்த்தபின் அதற்கெனத் தனியாகச் சேமியுங்கள்.