தேசத்துக்காக ஜெபிப்பது எப்படி? டர்பன் மூப்பர் ஒருவரின் பதில்கள்

(தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல வருடங்களாக மன்றாட்டு ஜெபக்குழு நடத்தும் சபை மூப்பர் ஒருவர், நம்மவர் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

சாட்ஸ்வொர்த் சகோதரி: "ஆண்டவரே, எங்கள் தேசத்தை ஆசீர்வதியும்" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வருவதில்லை, ஐயா.

தேசம் முழுவதையும் ஒரே மூச்சில் தூக்கினால் யாருக்கும் வராது, அம்மா. நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமிலிருந்து வந்தவர்களிடம் முதலில் விசாரித்தார்: மதில் எப்படி இருக்கிறது, தப்பியவர்கள் எப்படி இருக்கிறார்கள்? அதற்குப் பிறகுதான் அழுது, உபவாசித்து ஜெபித்தார். நீங்களும் விசாரியுங்கள். உங்கள் வார்டு கவுன்சிலர் யார்? கிளினிக்கில் எந்த மருந்து தீர்ந்துபோயிருக்கிறது? குழாயில் எத்தனை நாளாகத் தண்ணீர் வரவில்லை? மெட்ரிக் எழுதும் பிள்ளைகள் உங்கள் தெருவில் யார் யார்? இவற்றைப் பெயரோடு சொல்லி ஜெபியுங்கள், வார்த்தை தானாக வரும்.

லெனேசியா தம்பி: ஊழல் செய்கிறவர்களுக்காக எப்படி ஜெபிப்பது? எனக்குக் கோபம்தான் வருகிறது.

கோபம் வரட்டும், அதையும் ஆண்டவரிடமே சொல். ராஜாக்களுக்காகவும் அதிகாரிகளுக்காகவும் ஜெபியுங்கள் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய பவுல், ரோம அரசின் சங்கிலியில் கிடந்தவர். ஆனால் ஆள்கிறவர்களுக்காக ஜெபிப்பது என்றால் அவர்கள் செய்வதையெல்லாம் ஆசீர்வதிப்பது என்று அர்த்தமில்லை. 1985 ஜூன் 16 அன்று, அநீதியான நிறவெறி ஆட்சி முடிவுக்கு வரவேண்டும் என்று ஜெபிக்கும்படி இந்த நாட்டின் திருச்சபைகளுக்கு வெளிப்படையாகவே அழைப்பு வந்தது. அப்போது பல சபைகள் முகம் சுளித்தன. என்னைக் கேட்டால், அது சரியான ஜெபம்.

இன்னொன்று. தலைவர்களுக்காக ஜெபித்துவிட்டு, உண்மையைச் சொல்லத் துணிந்தவர்களை மறந்துவிடுகிறோம். தெம்பீசா மருத்துவமனையின் சந்தேகமான பணப்பட்டுவாடாக்களைச் சுட்டிக்காட்டிய சுகாதாரத் துறை அதிகாரி பபிதா தேவகரன், 2021 ஆகஸ்ட் 23 அன்று ஜோஹானஸ்பர்க்கில் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைப் போன்ற சாட்சிகள், விசாரணை அதிகாரிகள், மாஜிஸ்திரேட்டுகள் எல்லாரையும் உன் பட்டியலில் சேர்த்துக்கொள்.

பீனிக்ஸ் அக்கா: 2021 ஜூலை கலவரத்துக்குப் பிறகு எங்கள் ஜெபக்கூட்டத்தில் "எங்களைக் காத்துக்கொள்ளும்" என்றுதான் எல்லாரும் ஜெபிக்கிறார்கள். எனக்கு ஏதோ உறுத்துகிறது.

உறுத்த வேண்டியதுதான், அக்கா. பயந்து போனவர்கள் பாதுகாப்பு கேட்பது தவறில்லை. ஆனால் அந்த நாட்களில் இந்தியர் பெரும்பான்மையாக வாழும் நம் பீனிக்ஸில் 36 பேர் செத்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். தானியேல் ஒன்பதாம் அதிகாரத்தை ஒருமுறை உரக்க வாசியுங்கள். அவர் மீது வேதத்தில் ஒரு குற்றமும் சொல்லப்படவில்லை, ஆனாலும் "நாங்கள் பாவஞ்செய்தோம்" என்றே ஜெபிக்கிறார். "அவர்கள்" என்று விரல் நீட்டவில்லை. "நாங்கள்" என்று தொடங்குகிற ஜெபம் நம் கூட்டங்களில் குறைவு. எங்கள் வீட்டு வேலைக்கு வந்த அம்மாவை எப்படி நடத்தினோம், சாப்பாட்டு மேசையில் என்ன பெயரிட்டுப் பேசினோம் என்பதெல்லாம் அதில் வரவேண்டும். அப்புறம், இனாண்டா பக்கத்தில் உள்ள ஒரு ஜூலு சபையை மாதம் ஒருமுறை அழைத்துச் சேர்ந்து ஜெபியுங்கள். அவர்கள் ஜூலுவில் ஜெபிக்கட்டும், நீங்கள் தமிழில் ஜெபியுங்கள். முதல் இரண்டு மாதம் சங்கடமாகத்தான் இருக்கும்.

டொங்காட் வாலிபர்: ஸ்டேடியத்தில் பெரிய கூட்டம் கூட்டி ஜெபித்தால் பலன் அதிகமா?

தலையெண்ணிக்கையில் பலன் இல்லை. ஆனால் 1994 ஏப்ரல் 17 இங்கே டர்பன் கிங்ஸ் பார்க்கில் ஆயிரக்கணக்கானோர் ஜெபித்ததை மறக்க முடியாது. எல்லா இனத்தாரும் வாக்களிக்கும் முதல் தேர்தலுக்குப் பத்து நாள்தான் இருந்தது, ஜூலு மக்களிடையே செல்வாக்குள்ள இன்காத்தா கட்சி போட்டியிடமாட்டேன் என்று நின்றது, உள்நாட்டுப் போர் வரும் என்று பயந்தோம். இன்னொரு பக்கம் கென்யாவைச் சேர்ந்த மத்தியஸ்தர் வாஷிங்டன் ஒகுமு தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். ஏப்ரல் 19 அன்று இன்காத்தா சம்மதித்தது. அதற்குள் அச்சாகிவிட்ட வாக்குச்சீட்டுகளின் அடியில் அந்தக் கட்சியின் பெயரை ஸ்டிக்கராக ஒட்டினார்கள்!

பீட்டர்மாரிட்ஸ்பர்க் சகோதரர்: ஜனங்கள் தங்களைத் தாழ்த்தி ஜெபித்தால் தேசத்துக்கு க்ஷேமம் கொடுப்பேன் என்கிற 2 நாளாகமம் 7:14 நம் நாட்டுக்கும் வாக்குத்தத்தமா?

அது சாலொமோனுக்கு, ஆலயம் கட்டி முடிந்தபின் சொல்லப்பட்டது. தென்னாப்பிரிக்காவோடு போட்ட ஒப்பந்தமாக அதை எடுக்காதீர்கள். தாழ்த்துவது, ஜெபிப்பது, பொல்லாத வழியை விட்டுத் திரும்புவது என்ற அந்த வரிசை மட்டும் நமக்கும் பொருந்தும்.

சாட்ஸ்வொர்த் சகோதரர்: ஜெபம் மட்டும் போதாதா? அரசியல் நமக்கு எதற்கு?

நெகேமியா நான்காம் அதிகாரத்தில் அவர்கள் ஜெபமும் பண்ணினார்கள், இராப்பகல் காவலும் வைத்தார்கள். உங்கள் பகுதியில் போலீஸோடு மக்கள் கூடிப் பேசும் கூட்டம் என்றைக்கு என்று காவல் நிலையத்தில் கேளுங்கள். வாக்காளர் பதிவையும் ஒருமுறை சரிபாருங்கள். வீடு மாறியவர்கள் பலர் பழைய முகவரியிலேயே இருக்கிறார்கள்.