ஒரு லிட்டர் நீரா, ஒரு லிட்டர் கரைசலா?

கேள்வி: 58.5 கிராம் சோடியம் குளோரைடை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் கிடைப்பது ஒரு மோலார் கரைசல் என்று எழுதிய என் மகளுக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. அதில் என்ன தவறு?

பதில்: உப்பின் அளவில் தவறில்லை, 58.5 கிராம் என்பது ஏறத்தாழ ஒரு மோல்தான் (மோல் என்பது பொருளில் உள்ள துகள்களை எண்ணும் அலகு). தவறு நீரின் அளவில் இருக்கிறது. மோலாரிட்டி என்பது ஒரு லிட்டர் கரைசலில் உள்ள மோல்களின் எண்ணிக்கையே தவிர, ஒரு லிட்டர் கரைப்பானில் (கரைக்கும் திரவத்தில், இங்கே நீரில்) சேர்த்த மோல்களின் எண்ணிக்கை அன்று. உங்கள் மகள் சொன்னபடி செய்தால், உப்பும் சிறிது இடத்தை எடுத்துக்கொள்வதால் கரைசலின் கன அளவு ஏறத்தாழ 1,019 மில்லி லிட்டராகிவிடும், செறிவோ 0.98 மோலார் அளவுக்குக் குறைந்துவிடும். ஆகவேதான் ஆய்வகத்தில் உப்பை முதலில் குறைந்த நீரில் முழுவதும் கரைத்து, கழுத்தில் அளவுக்கோடு உள்ள குடுவைக்கு மாற்றி, பின்னர் அந்தக் கோடு வரை நீர் சேர்க்கிறார்கள்.

கரைப்பானையே அடிப்படையாகக் கொள்ளும் அளவும் உண்டு. ஒரு கிலோகிராம் கரைப்பானில் உள்ள மோல்களைக் குறிக்கும் அதற்கு மோலாலிட்டி என்று பெயர். (ஓரெழுத்து வேறுபாட்டில் இரு பெயர்களை வைத்தவர்கள் மாணவர்களிடம் சற்று இரக்கம் காட்டியிருக்கலாம்.) வெப்பநிலை உயரும்போது கரைசல் விரிவடைவதால் மோலாரிட்டி மாறும்; நிறை மாறாததால் மோலாலிட்டி மாறாது. ஒரு பொருள் கரைவதால் கொதிநிலை எவ்வளவு உயரும் என்று பார்க்கும் கொதிநிலை ஏற்றக் கணக்குகளில் மோலாலிட்டியைப் பயன்படுத்துவதற்கு இதுவே காரணம்.